தொடர்கதையில் இருக்கிறவன்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நானும் மாமாவும் சுகம். அவருக்கு முழங்கால் வலிதான் கொஞ்சம் படுத்துகிறது. போனில் பேசினால் சொல்ல வந்ததை விட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், அதனால்தான் கடிதம்.

முகநூலில் வேறு பெயரில் நீ எழுதும் தொடர்கதையை நான் படிக்கிறேன். மூன்றாம் பகுதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுகிற எலக்ட்ரீஷியன் உலகத்தில் வேறு யார்? நம் வீட்டில் அவன் போய் இரண்டு வருஷம். உன் கதையில் தினமும் வேலைக்குப் போகிறான், சாப்பாட்டில் உப்பில்லை என்கிறான், பெண்டாட்டியைச் சீண்டுகிறான்.

தையல் கடையில் என்னோடு இருப்பவர்களும் படிக்கிறார்கள். ‘இப்படி ஒரு புருஷன் யாருக்குக்கா கிடைப்பான்?’ என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள். என் வயிற்றில் பிறந்தவன்டி என்று நாக்கு நுனி வரை வந்தது. நூல் கோப்பது போல் குனிந்துகொண்டேன்.

உன்னோடு லேபில் வேலை பார்க்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். கல்யாணத்துக்குக் கேட்டதற்கு, ‘கதை இன்னும் முடியலை’ என்றாயாம். ‘என்ன கதைன்னே புரியலைம்மா’ என்றார், பாவம். மாமாவும் போனை வாங்கி வெகுநேரம் பேசினார். வைத்த பிறகு, ‘நல்ல பிள்ளையாத்தான் தெரியுது’ என்றார்.

எனக்குக் கதை புரிந்தது. ஒரு பகுதி தாமதமானாலும் ‘ஏன் இன்னும் வரவில்லை?’ என்று கீழே கேட்டுக் கேட்டு உன்னை நச்சரித்த அந்த ரோஜாப்பூப் படக்காரி நான்தான். வாரா வாரம் அவனைப் பார்க்க வேண்டுமென்ற ஆசையில் உன்னைக் கட்டிப்போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

நாற்பத்தோரு பகுதி போதும்மா, முடித்துவிடு. அந்தத் தம்பியை உனக்குப் பிடித்திருந்தால் சரியென்று சொல். எங்களை நினைத்துத் தயங்காதே. நீ குடும்பமும் குழந்தையுமாய் நிறைந்திருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசிப் பகுதியில் விபத்து, ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். அன்று காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன், அவன் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான். கதையிலாவது வாசலில் நின்று, ‘போயிட்டு வரேம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். ‘சரிப்பா, பார்த்துப் போ’ என்று நான் இங்கிருந்து சொல்லிவிடுகிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அத்தை