கறுப்பு டைல்ஸில் உன் முகம்

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் அம்மாவும் சுகமா? அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாங்களா, இல்ல பாட்டில் மூடியைக்கூடத் திறக்கலையா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

பட்டறையில இப்போ டைல்ஸ்ல போட்டோ பதிக்கிற வேலை. வெள்ளை டைல்ஸுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு, காய்ஞ்சதும் லேசர் மெஷின்ல வைப்போம். லேசர் பட்ட இடத்துல பெயின்ட் எரிஞ்சு வெள்ளை தெரியும். அதனால முதல்லயே போட்டோவுல கறுப்பை வெள்ளையா, வெள்ளையைக் கறுப்பா மாத்திடணும்.

நேத்து சோதனைக்கு உன் போட்டோவைப் போட்டேன், மாத்த மறந்துட்டேன். தலை வெள்ளை வெளேர்னு, பல்லெல்லாம் கறுப்பா வந்து நிக்கிறே! மேஸ்திரி எட்டிப் பாத்து, "யாருய்யா இது, உங்க அம்மாவா?"ன்னார். "என் சம்சாரம்"னேன். பட்டறையே சிரிச்சுது. நானும்தான்.

அப்புறம் சரியா ஒண்ணு போட்டு, ஊருக்கு வர்ற பெயின்டர் அண்ணன்கிட்ட இந்தக் கடிதத்தோட கொடுத்திருக்கேன். ஈரத்துணியால துடை, சுரண்டிடாதே. கெட்டுப்போனதைத் தூக்கிப் போடச் சொன்னாங்க. அது என் கட்டில் பக்கத்துல இருக்கு.

எனக்குப் புதுசா ஒரு போட்டோ அனுப்பு. இது நான் கிளம்பின அன்னைக்கு எடுத்தது, நாலு வருஷமாச்சு. வீடியோவுல பேசும்போது முந்தானையைக் காதோரம் இழுத்து விட்டுக்கிறியே, எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?

அண்ணன் பெட்டியைத் தூக்கிட்டார், முடிக்கிறேன். டை அடிக்காம எடு. நான் பக்கத்துல இல்லாம நரைச்ச முடியை நான் பாக்கணும்.

உன் வீட்டுக்காரன்