எண்ணெய் வைக்காத தலை

மச்சான்,

காலையில் மருமகள் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை என் முன்னால் வைத்து, "தேச்சுக்கோங்க மாமா, தலை பறட்டையா கீது" என்றாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. கிண்ணம் அப்படியே இருக்கிறது. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

மாடம்பாக்கத்தில் பெயின்ட் அடித்தபோது நாம் இரண்டு பேரும் ஒரே சாரத்தில்தான் நின்றோம். நீ நின்ற பக்கம் கட்டு அவிழ்ந்தது. கழுத்து எலும்பு முறிந்து, அதற்குக் கீழே உனக்கு ஒன்றும் அசையவில்லை. பிறகு பம்மலில் உன் வீட்டுக்கு நான் வராத நாள் குறைவு. டீயை ஆற்றி உன் வாயில் ஊற்றுவேன். "சூடு பாத்து ஊத்துடா, வாய் ஒண்ணுதான் மிச்சம் கீது" என்பாய்.

தாம்பரம் தாண்டி ஒரு காலேஜில், நினைப்பாலேயே மெஷின் கையை ஆட்டவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். நல்ல காரியத்துக்குப் போகிறாய் என்று உன் சம்சாரம் எண்ணெய் வழிய வழியத் தலை சீவி, விபூதி பூசி அனுப்பினாள். அங்கே இருந்த மேடம் உன் தலையில் ஒயர் தொப்பியை மாட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் இருக்குங்க ஐயா, சிக்னல் வராது" என்றார். நானும் அவரும் ஷாம்பு போட்டு அலசினோம். "கல்யாணத்துக்குக்கூட இப்டிக் குளிக்கலடா" என்று சிரித்தாய். அன்றோடு உன் தலைக்கு எண்ணெய் நின்றது.

கையைத் தூக்குவதாக நீ நினைக்க வேண்டும். தொப்பி அதைப் பிடித்து, மேசையில் பூட்டிய இரும்புக் கைக்குச் சொல்லும். எத்தனை டம்ளரைத் தட்டிவிட்டாய்! ஒரு நாள் அந்தக் கை டீ டம்ளரைத் தூக்கிக்கொண்டு உன் வாய் வரை வந்தது. டம்ளரில் போட்டிருந்த ஸ்ட்ரா குழாயில் ஒரு இழுப்பு இழுத்தாய். "போதும், கீழ வச்சிடுங்க ஐயா" என்றார் மேடம். நீ வைக்கவில்லை. நெற்றி வேர்க்க அதையே பார்த்தாய். கை மெல்ல என் பக்கம் திரும்பியது.

"குடிடா. எவ்ளோ நாளைக்கி நீயே எனக்கு ஊத்திக்கினு இருப்ப?"

ஆறிப்போன டீ. அப்படி ஒரு டீ அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் இல்லை.

பிறகு, ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்றார்கள். மெஷினை வீட்டுக்குத் தர முடியாதாம். அடுத்த கட்டம் வந்தால் கூப்பிடுவதாகச் சொல்லி மேடம் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் யாரைத் திட்ட?

நீ காத்திருந்தாய். உன் சம்சாரம் எண்ணெயோடு வந்தால், "வேணாம்மே, நாளைக்கே கூப்ட்டா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய். என்னைக் கண்டதும், "போன்ல சார்ஜ் கீதா?" என்பாய்.

"கீதுடா."

"மணி அடிச்சா கேக்குதா?"

"நான் இன்னா செவுடனா?"

மருமகளை விட்டுப் போன் போட்டுக் கேட்டேன். எப்போது என்று மேடத்துக்கே தெரியவில்லை. அதைச் சொன்னதும், "தெரியலன்னா இல்லன்னு அர்த்தமாடா?" என்றாய்.

ஒரு மத்தியானம் உன் மூக்கில் ஈ உட்கார்ந்தது. ஓட்ட வந்த என்னை "இரு" என்று தடுத்தாய். கிடந்த கையையே பார்த்தாய். "உள்ள கை போவுதுடா மச்சான். நல்லாத் தெரியுது. வெளியதான் வரல." நான் ஈயை ஓட்டினேன். அதற்கு மேல் என்னால் என்ன முடியும்?

நெஞ்சில் சளி கட்டி நீ போய்விட்டாய். குளிப்பாட்டும்போது சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து உன் தலையில் எண்ணெய் தொட்டு வைத்தார்கள். "வெக்காதீங்க! சிக்னல் வராது!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உன் சம்சாரம்தான் வந்து என் கையைப் பிடித்தாள்.

"வெக்கட்டும்ணா. இனிமே யார் கூப்ட்டு இன்னா?"

நானும் தொட்டு வைத்தேன்.

அந்தப் போன் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நம்பரை மாற்றச் சொன்னான் மகன், மாட்டேன் என்றுவிட்டேன். கூப்பிடுவது யார் என்று படிக்க எனக்குத் தெரியாது. மணி அடிக்கும்போதெல்லாம், எடுப்பதற்கு முன்னால், உன் தலை எண்ணெயில்லாமல் இருக்கிறதா என்றுதான் மனசு பதறுகிறது.