மூணு வரைக்கும் எண்ணும் வரிசை

செப்டம்பர் 2, செவ்வாய்

எமில் அண்ணன் மைதானத்தில் போட்டு உட்காரும் சிவப்பு மெத்தையைத் தட்டி வெயிலில் போட்டேன். உட்கார ஆளில்லாத மெத்தைக்கு வெயில் எதற்கோ! ஏப்ரலில் இடுப்பெலும்பு உடைந்த பிறகு மகள் வந்து அவரை அரிசோனாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டை விற்றார், லாரியை விற்றார். கல்லூரி மைதானத்து சீட்டை மட்டும் விடவில்லை. "அதுல உன் கோட்டைக் கழட்டி வை. வேற எவனும் உக்காரக் கூடாது" என்றார்.

சனிக்கிழமை கல்லூரி ஃபுட்பால் அணியின் முதல் ஆட்டம். நம் பையன் கையில் பந்து வந்ததும் எங்கள் வரிசை மூணு வரை எண்ணும்; முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த எண்ணிக்கையை அண்ணனுக்குப் பதில் நான் தொடங்கி வைக்க வேண்டும். போனில் பாடம் எடுத்தார்.

"மெதுவா எண்ணு. நீ ஒரு அவசரக்குடுக்கை. 'ஒண்ணு'ன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விடணும்."

"முப்பது வருஷம் டிரைவிங் டெஸ்ட் வெச்சவளுக்கு எண்ணத் தெரியாதா அண்ணே?"

"உனக்கு ஆளுங்கள ஃபெயில் பண்ணத்தான் தெரியும்."

உள்ளூர் வானொலியை இப்போது கம்ப்யூட்டரிலேயே கேட்கலாமாம். கூட்டத்தின் சத்தத்துக்காக அவர்கள் மாட்டும் மைக் எங்கள் வரிசைக்கு நேர் கீழே, கம்பியில்தான் தொங்குகிறது. "மூணு எனக்குக் கேக்கணும். அது கேட்டா நான் அங்க உக்காந்திருக்கேன்னு அர்த்தம்" என்றார். சொல்லிவிட்டு உடனே அரிசோனா வெயிலைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

செப்டம்பர் 6, சனி

தோற்றோம். 24–10.

புதுப் பையன் கோல்பி ஹார்டன். எறிகிற கை அபாரம். ஆனால் கால் நிற்கவே மாட்டேன் என்கிறது. முன்னால் ஐந்து தடியன்கள் அரைவட்டம் கட்டி அவனைக் காக்கிறார்கள். அந்த பாக்கெட்டுக்குள் நின்று, யார் காலியாக ஓடுகிறான் என்று பார்த்து எறிய வேண்டியதுதான் குவார்ட்டர்பேக்கின் வேலை. இவனோ யாரும் தொடுவதற்கு முன்பே கூட்டை விட்டு வெளியே பாய்கிறான். பாய்ந்த இடத்தில் எதிராளி காத்துக்கொண்டு நிற்கிறான்.

என் 'ஒண்ணு' முதல் தடவை பூனைக்குட்டி மாதிரி வந்தது. இரண்டாவது தடவை நன்றாகவே வந்தது. 'மூணு'க்கு வரிசையே சேர்ந்து பலகையைக் காலால் உதைத்தபோது, பக்கத்தில் மெத்தை குலுங்கியது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் போன். "மூணு நல்லா கேட்டுச்சு. ரோலண்ட் மட்டும் அரை நொடி முந்துறான், சொல்லி வை."

செப்டம்பர் 8, திங்கள்

காபிக் கடையில் ஒரே சண்டை. டயர் கடை ரோலண்டும் கணக்கு டீச்சர் ஜாய்ஸும். எங்கள் வரிசையில் என் வலப்பக்கம் அவன், பின்னால் டீச்சர். அவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"அவன் பயந்தாங்கொள்ளி, டீச்சர். நிழலைப் பாத்தே ஓடுறான். பாக்கெட்டுல நிக்கத் தெரியாதவன் எதுக்கு இந்த வேலைக்கு வரணும்?"

"நிக்கறதுக்கு பாக்கெட் இருக்கணும்டா. இடது பக்கம் நிக்கிறவன் கதவைத் திறந்து விட்டுட்டு வாங்கன்னு கூப்பிடறான்."

"அந்தப் பக்கம் நிக்கிறவன் நம்ம ஊரு பையன். அவனைக் குறை சொல்லாதீங்க."

"நம்ம ஊருன்னா சுவராயிடுவானா? நீயும் நம்ம ஊருதான். உனக்கு நான் பாஸ் போட்டதே பெரிய தப்பு."

என்னைக் கேட்டார்கள். அண்ணன் இருந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் வாயை அடைத்திருப்பார். நான் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ரோலைத் தின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 13, சனி

வெளியூர் ஆட்டம். ஜெயித்தோம்! கோல்பி மரம் மாதிரி நின்று எறிந்தானாம். ரோலண்டுக்கு நம்ப முடியவில்லை.

செப்டம்பர் 20, சனி

உள்ளூர். மறுபடியும் அதே ஓட்டம், அதே தோல்வி. நம் ஜனங்களே அவனைப் பார்த்து ஊளையிட்டார்கள். வெட்கமாக இருந்தது. ரோலண்ட் எழுந்து நின்று, "வீட்டுக்கு ஓடுடா, அதுக்குத்தான் உனக்குக் கால் வேகமா போவுது" என்று கத்தினான். அவனுக்கு நான்கு வரிசை கீழே, ஹார்டன் என்று முதுகில் எழுதிய சட்டை போட்ட ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தாள். அம்மாவாக இருக்க வேண்டும். ரோலண்ட் உட்கார்ந்துவிட்டான்.

செப்டம்பர் 27, சனி

சளி, இருமல். நெஞ்சில் கல் வைத்தது மாதிரி இருக்கிறது. எண்ணிக்கையை ரோலண்டிடம் ஒப்படைத்துவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து வானொலியில் கேட்டேன். அண்ணன் கேட்பது மாதிரியே.

சின்ன வயது ஞாபகம் வந்தது. அறுவடை நாட்களில் அப்பாவின் லாரிக்குள் நானும் அண்ணனும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து ரேடியோவில் ஆட்டம் கேட்போம். எனக்கு ஆறு வயது, அவருக்குப் பதினேழு. கரகரப்பில் எனக்கு ஒன்றும் புரியாது. அவர்தான் "இப்ப பின்னால போறான்... நிக்கிறான்... எறிஞ்சுட்டான்!" என்று சொல்லுவார். அந்த லாரியில் அடித்த சோளத்தூள் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

ஆனால் இன்று எழுத வந்தது அது இல்லை.

இரண்டாவது கால்பகுதி. நம் ஆட்கள் தெற்கு முனையில், அதாவது எங்கள் வரிசைக்கு முன்னால். மைக்கில் தெளிவாகக் கேட்டது: ஒண்ணு. ரெண்டு. உடனே வர்ணனையாளர், "ஹார்டன் வெளியே ஓடுகிறார்!" மூன்றாவது பகுதியில் முனை மாறி வடக்கே போனார்கள். அங்கே நின்றான், எறிந்தான். நான்காவது பகுதியில் மறுபடி தெற்கு. ஒண்ணு, ரெண்டு — ஓட்டம்.

போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். வெளியூரில் நிற்கிறான். வடக்கில் நிற்கிறான். எங்கள் முன்னால் மட்டும் ஓடுகிறான்.

மற்ற ஊர்களில் தன் அணி கையில் பந்து இருக்கும்போது கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். நாங்கள்தான் எண்ணுகிறோம்.

டிரைவிங் டெஸ்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காரில் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவால் அட்டையைத் தட்டுவேன். ஒரு விவசாயி, நாற்பது வயது, டிராக்டரிலேயே பிறந்தவர், ஒவ்வொரு தட்டுக்கும் பிரேக்கை மிதித்தார். ஃபெயில் போட்டேன். மேலதிகாரி என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு அவரை மறுபடி ஓட்டச் சொன்னார். பூப்போல ஓட்டினார்.

கடவுளே, அப்படி இருக்கக் கூடாது.

அக்டோபர் 1, புதன்

அப்படித்தான் இருக்கிறது.

சர்ச்சில் சூப் விருந்து. வழக்கம்போல ஆட்டக்காரப் பையன்கள் பரிமாற வந்தார்கள். நான் அண்டாவிலிருந்து சில்லி என்கிற பீன்ஸ் குழம்பை ஊற்றிக் கொடுக்க, கோல்பி தட்டில் வாங்கினான். ஒரு மேசைக்கு எத்தனை கிண்ணம் என்று நான் வாய்விட்டு எண்ணினேன். வேண்டுமென்றே இல்லை. சத்தியமாக இல்லை.

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

அவன் தோள் துள்ளியது. பாதி சில்லி என் கை மேல்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க மேடம்!"

"பரவாயில்ல தம்பி. ஏன் திடுக்கிட்ட?"

சிரித்தான். காது சிவந்துவிட்டது. "மைதானத்துல தெற்குப் பக்கம் ஒரு கூட்டம் எண்ணும் மேடம். மூணு வந்தா இடி விழப்போவுதுன்னு கால் தானா கிளம்பிடுது. நில்லு நில்லுன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன், கேக்க மாட்டேங்குது."

"கோச்சுகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஊரு வழக்கமாச்சே. வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது, நான் எப்படி நிறுத்துங்கன்னு சொல்றது? யாரோ ஒரு பாட்டி ஆரம்பிச்சு வைப்பாங்களாம்."

அந்தப் பாட்டி நான்தான். இன்னொரு கிண்ணம் ஊற்றினேன். எண்ணாமல்.

அக்டோபர் 2, வியாழன்

1987-இல் லைல் பெட்ரிக் என்று ஒரு குவார்ட்டர்பேக். இவனுக்கு நேர் எதிர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கனவு கண்டுகொண்டே நிற்பான், அடி வாங்குவான். மூன்று நொடிக்குள் எறிந்தால் போதும் என்று கோச் ஒரு மதிய விருந்தில் புலம்பினார். அடுத்த சனிக்கிழமை அண்ணன் எழுந்து நின்றார். தானியக் கிடங்கின் எடைமேடையில் இருந்துகொண்டு தெருக்கோடி லாரிக்காரனைக் கூப்பிட்ட குரல் அது. "ஒண்ணு! ரெண்டு! மூணு!" லைல் எறிந்தான். எங்களுக்கே ஆச்சரியம். அந்த நவம்பரில் கோப்பை வந்தது. லைலின் கல்யாணத்தில் பாதிரியார் முத்தமிடலாம் என்றதும், பின்வரிசையில் அண்ணன் எழுந்து எண்ண, சர்ச்சே மூணுக்குக் காலை உதைத்தது.

அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். அவரிடம், நான்.

சொல்லாவிட்டால் என்ன? ஆட்டம்தானே. ஒரு பையன் ஒரு வருடம் சரியாக ஆடாவிட்டால் வானம் இடிந்து விழுமா? — இல்லை. ஆனால் அந்தக் காது சிவந்தது கண்ணிலேயே நிற்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டார். பேனா கதையைக்கூட.

"சத்தத்துக்கு ஓடறவன் குவார்ட்டர்பேக்கா?"

"இருபது வயசுப் பையன் அண்ணே."

"லைலுக்கும் இருபதுதான்."

"லைல் வேற. அவன் தூங்கினான், நீ எழுப்பின. இவன் முழிச்சுட்டுதான் இருக்கான்."

அவர் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "இங்க பக்கத்து வீட்டுக்காரனுக்கு என் பேரு தெரியாது மார்லிஸ். வாரம் பூரா நான் எதுக்குக் காத்திருக்கேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுமா சொல்ற?"

போனை வைத்துவிட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எடுக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

எடுக்கவில்லை. மகள்தான் எடுத்தாள். "அப்பா தூங்கறாரு அத்தை" என்றாள். காலை பத்து மணிக்கு! அறுபது வருடம் கோழிக்கு முன்னால் எழுந்த மனுஷன்.

காபிக் கடையில் ரோலண்டிடமும் டீச்சரிடமும் விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் ஒரு காகிதத்தில் கோடு போட்டு, தெற்கு, வடக்கு, வெளியூர் என்று கோல்பி எறிந்தது, ஓடியது எல்லாவற்றையும் குறித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ரோலண்ட் காகிதத்தைத் தொடவே இல்லை.

"எமில் அண்ணன் சொல்லட்டும், நிறுத்தறேன். அதுவரைக்கும் நீங்க ஆரம்பிக்கலேன்னா நான் ஆரம்பிப்பேன் அக்கா. அவரு போய் ஆறு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள அவரு குரலையும் தொடச்சுடணுமா?"

கோபம் வரவில்லை. என் மனசில் இருந்ததைத்தான் அவன் சொன்னான்.

அக்டோபர் 11, சனி

இருமல் இன்னும் விடவில்லை. போனேன். மெத்தையைப் போட்டு அதன் மேல் என் கோட்டை வைத்தேன்.

இரண்டாவது பகுதி. தெற்கு முனை. கோல்பி பந்தை வாங்கிப் பின்னால் வந்தான். வரிசையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரோலண்ட் எழுந்தான். "ஒண்—" அவ்வளவுதான். பின்னாலிருந்து டீச்சர் ஒரு முழு இலவங்கப்பட்டை ரோலை அவன் வாயில் திணித்துவிட்டார். எழுபத்தாறு வயதில் என்ன வேகம்! "மென்னுடா. மென்னு முடிக்கிற வரைக்கும் உக்காரு."

முதல் தடவை கோல்பி நின்றான், நின்றபடியே நசுங்கினான். ரோலண்ட் வாய் நிறைய மாவுடன் 'பாத்தீங்களா' என்று கையை விரித்தான். கோல்பி எழுந்து எங்கள் பக்கம் ஒரு முறை பார்த்தான். ஏன் சத்தமில்லை என்று பார்த்திருக்க வேண்டும்.

கடைசிப் பகுதியில் மறுபடி தெற்கு. பதினேழுக்குப் பதிமூன்று, பின்னால் இருக்கிறோம். மைதானமே கத்துகிறது, எங்கள் வரிசை மட்டும் கல் மாதிரி. கோல்பி பின்னால் வந்ததும் அந்த அமைதி பக்கத்து வரிசைகளுக்கும் பரவிவிட்டது. நான் மனசுக்குள் எண்ணினேன். ஒண்ணு. ஒரு மூச்சு. ரெண்டு. மூணு — நிற்கிறான். நாலு — இன்னும் நிற்கிறான். பாழாய்ப்போன இருமல் அந்த நேரம் பார்த்து வந்து தொலைத்தது, அடக்க முடியவில்லை. இருமி முடித்து நிமிர்ந்தபோது பந்து ஆகாயத்தில்.

ஜெயித்தோம். 20–17. ரோலண்ட் என்னைத் தூக்கிச் சுற்றினான். அவன் கண் ஈரமாக இருந்தது, கேட்டால் ரோல் தொண்டையில் அடைத்தது என்பான்.

வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை. ஜெயித்த நாளில் இப்படி ஒரு வெறுமை எனக்கு இருந்ததே இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச்சுக்குக் கிளம்பும்போது போன்.

"நாலரை."

"அண்ணே?"

"எறியறதுக்கு முன்னாடி நாலரை நொடி நின்னான். இங்க நாற்காலியில உக்காந்துக்கிட்டு நானே எண்ணினேன். மூணுல காலை உதைச்சேன், மக ஓடி வந்துட்டா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நல்லாத்தான் நிக்கிறான்."

"உனக்கு ஒண்ணும் கேட்டிருக்காதே அண்ணே. நாங்க யாரும் வாயே தொறக்கல."

"கேட்டுச்சு. நாலுல நீ இருமின."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அது நீதான்னு எனக்குத் தெரியாதா? அப்பா லாரி காலத்துலேர்ந்து கேக்கறேன் அந்த இருமல. ஒழுங்கா மருந்து சாப்பிடு. ரோலண்ட் ஏன் பேசவே இல்ல, அவனுக்கு என்ன ஆச்சு?"

ரோல் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கே இருமல் வந்துவிட்டது.

அக்டோபர் 25, சனி

ஜெயித்தோம். கோல்பியை இப்போது ரோலண்ட் 'நம்ம பையன்' என்கிறான்.

எனக்கு இருமல் நின்று ஒரு வாரம் ஆகிறது. இரண்டாவது பகுதியில், அடுத்த பந்தை எடுக்கும் முன் பையன்கள் வட்டமாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, மைக் தொங்கும் பக்கமாகக் குனிந்து இரண்டு தடவை இருமினேன்.

"இன்னும் சரியாவலியா அக்கா? மருந்து வேணுமா?" என்றான் ரோலண்ட்.

வேண்டாம் என்றேன்.