முதல் சவாரிக்கு யார் ஏறுவது

எப்போதும் கிரீஸ் மணக்கிற என் சேவியர் மச்சானுக்கு,

காயல் இன்றைக்கு அசையவே இல்லை. மணக்குடிப் பாலம் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்குகிறது. எது மேலே இருக்கிற பாலம், எது கீழே இருக்கிற பாலம் என்று கொஞ்ச நேரம் எனக்கே குழம்பிவிட்டது. இப்படி ஒரு காலையில் உன்னோடு பேசாமல் வேறு யாரோடு பேசுவது?

நீ வடசேரி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லையே, அன்றைக்குத் தென்னந்தோப்பில் ஏற்றி மூடிய படகு அப்படியேதான் கிடந்தது. தார்ப்பாய் மேல் காய்ந்த ஓலையும் காக்கை எச்சமும் சேர்ந்து ஒரு சின்னத் தோட்டமே ஆகிவிட்டது. ஐயப்பன் சீசன் நெருங்கியது. போகிறவன் வருகிறவன் எல்லாம், "போட்டு ஓடுமா அண்ணே?" என்று கேட்டான். நான் என்ன சொல்ல?

எனக்கு ஓட்டத் தெரியும், திறக்கத் தெரியாது. அதுதானே நம் ஒப்பந்தம். ஊரில் உள்ள வள்ளங்களுக்கெல்லாம் எஞ்சின் வெளியே தொங்கும், பழுது பார்க்கத் தெருவுக்கு ஓர் ஆள் இருப்பான். நம் படகுக்கு எஞ்சின் கார் மாதிரி உள்ளே இருக்கிறது, விசிறியைச் சுழற்றுகிற கால் மட்டும் பின்னால் வெளியே நீண்டு நிற்கிறது. அந்தக் கால் நுழையும் ஓட்டையைச் சுற்றி, கோயில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாய் ஒரு ரப்பர். அது கிழிந்தால் காயல் படகுக்குள் வந்துவிடும். சார்ஜா படகுப் பட்டறையில் இதைக் கற்று வந்த உன்னைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

உன் தங்கை, அதாவது என் வீட்டம்மா, உன்னை மாதிரியே வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "இஞ்ச பாருங்க, தெரியாத வேலையில கைய வச்சு ஊராருக்க பிள்ளைகள ஏத்தப்பிடாது. ஒழுங்கா செய்யணும், இல்லேன்னா வித்துரணும்" என்றாள். விற்க வேண்டும் என்று சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் சட்டம் நினைவுக்கு வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து இறக்கும்போது, பயணிகளுக்கு முன்னால் பழுது பார்த்தவன் ஏற வேண்டும். தனியாக அல்ல, தன் வீட்டாளோடு. "அப்பதாம்ல மக்கா கை ஒழுங்கா முறுக்கும்" என்பாய். கல்யாணம் கட்டாத உனக்கு வீட்டாள் என்று இருந்தது உன் தங்கை ஜெசிந்தா ஒருத்திதான். ஆக, ஒவ்வொரு வருஷமும் என் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு நீ போவாய், நான் கரையில் நிற்பேன். நானும் வருகிறேன் என்றால், "நீ என்னத்தல தொட்ட? டிக்கெட்டுதான கிழிச்ச? அங்கனயே நில்லு" என்பாய்.

நடுக்காயலில் எஞ்சினை நிறுத்துவாய். அடிப்பலகையைத் தூக்கி உள்ளே கையை விடுவாய். பிறகு அந்தக் கையைக் கரைப் பக்கம் தூக்கிக் காட்டுவாய். கை காய்ந்திருக்கிறது என்று அத்தனை தூரத்தில் எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் தெரிந்தது மச்சான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு நாள் தார்ப்பாயை எடுத்துவிட்டேன். எண்ணெயையாவது பார்ப்போம் என்று காலின் அடியில் இருக்கிற திருகைக் கழற்றினேன். கறுப்பாய் வரும் என்று நினைத்தேன், பால் கலந்த டீ நிறத்தில் இறங்கியது. சட்டியில் அது சொட்டச் சொட்ட ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று எனக்கே புரிந்தது. ரப்பர் மடிப்பிலும் விரலை வைத்துப் பார்த்தேன், பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரே யோசனை. நானே செய்தால் உன் படகில் அந்நியன் கை படாது. ஆனால் காலைக் கழற்றி மாட்டுவது என்ன, சைக்கிள் செயின் மாட்டுகிற வேலையா? படகு எஞ்சின் பழுது பார்க்கிற கடையில் கொடுத்தால் தெரிந்தவன் செய்வான். ஆனால் அவன் முறுக்கியது சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? போனில் எத்தனையோ வீடியோ பார்த்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே கழற்றினார்கள், சிரித்துக்கொண்டே மாட்டினார்கள். போனை அணைத்து வைத்துவிட்டேன்.

மத்தியானம் படகிலேயே சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் நான் நடுக்காயலில் இருக்கிறேன். நீ கரையில், என் இடத்தில், டிக்கெட் கட்டோடு நிற்கிறாய். என் கைக்காகக் காத்திருக்கிறாய். எனக்கோ கை எழும்பவே இல்லை. விழித்தபோது தென்னை ஓலை நிழல் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நீ ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை?

கடைகளுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கடைசியில் உன் சட்டத்தையும் சொன்னேன். முதல் ஆள், "போட்டு லாரில வரட்டு, லாரில போகட்டு. நாங்க எதுக்கு சார் ஏறணும்?" என்று சிரித்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். இரண்டாவது ஆள் கொல்லம் பக்கம் கடை வைத்திருக்கிறவர், மலையாளம் கலந்த தமிழ். சட்டத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "எனக்க வீட்டுக்காரி கன்னியாகுமரி கண்டதே இல்லை. கூட்டிக்கொண்டு வராம் கேட்டோ" என்றார். அந்த நிமிஷமே இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனாலும் என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியுமே. எண்ணெயையாவது நானே மாற்றிவைப்போம் என்று, அவர் வருவதற்கு முன்பே மேல் துளை வழியாகப் புது எண்ணெயை ஊற்றி நிறைத்து, பெருமையாக உட்கார்ந்திருந்தேன். மனிதர் மனைவியோடு வந்து இறங்கிப் பார்த்தார். "எப்படி ஊத்தினீங்க?" என்றார். மேலேயிருந்துதான் என்றேன். "அண்ணாச்சி, மேல ஊத்தினா காத்து உள்ள மாட்டிக்கிடும். நெறஞ்ச மாதிரி இருக்கும், நெறஞ்சிருக்காது. கீழ இருந்து பம்ப் பண்ணணும், மேல வழியணும்."

நீ கீழே குந்தி உட்கார்ந்து பம்ப் அடிப்பதை வருஷா வருஷம் பார்த்தவன்தான் நான். எண்ணெயை வெளியே உறிஞ்சுகிறாய் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்! கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஜெசிந்தா சிரித்துச் சிரித்துப் புரையேறி, கொல்லத்து அக்கா அவள் தலையைத் தட்டிவிட்டார். உனக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

காலுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கிற ஆயில் சீலையும் ரப்பரையும் அவர் மாற்றினார். அவர் பக்கத்திலேயே நிற்க, எண்ணெயை நான் கீழேயிருந்து ஏற்றினேன். அது மேலே தேன் மாதிரி வழிந்தபோது எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பேட்டரி முனையில் நீ தடவிய கிரீஸில் உன் பெருவிரல் அப்படியே பதிந்திருந்தது. அவர் துணியோடு குனிந்தார். "அது கெடக்கட்டு" என்றாள் ஜெசிந்தா. அவர் துணியை மடித்து வைத்துவிட்டார்.

படகைக் காயலில் இறக்கியதும், "நீங்களும் ஏறணும், எண்ணெய் உங்க வேலை அல்லே?" என்றார் என்னிடம். நான் முதல் சவாரிக்கு ஏறினேன் மச்சான். முன்பக்கம் தோவாளைப் பிச்சிப்பூ மாலை, உள்ளே நாங்கள் நாலு பேர். நடுக்காயலில் எஞ்சினை நிறுத்தினேன். சத்தம் அடங்கியதும் தண்ணீர் மட்டும் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டியது. பலகையைத் தூக்கி, அடிவரை கையை விட்டேன்.

"தண்ணி இருக்கா?" என்றாள் ஜெசிந்தா.

உள்ளங்கையை அவளிடம் நீட்டினேன். அவள் தடவிப் பார்த்தாள், நம்பவில்லை. தானே குனிந்து கையை விட்டாள். "இல்ல" என்றாள். அந்தக் கையை அப்படியே தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். படகை விற்பது பற்றி அப்புறம் அவள் பேசவே இல்லை.

நான் என் கையைக் கரைப் பக்கம் தூக்கிக் காட்டினேன். தென்னைகள் நின்றன, டிக்கெட் மேசை நின்றது, வேறு யாரும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் கையை இறக்கவில்லை. மனசு உன்னை அவ்வளவு தேடுகிறது மச்சான்.

இனி எண்ணெய் என் வேலை, கீழேயிருந்து மேலே. ரப்பரும் காலும் கொல்லத்துக்காரர் வேலை. தெரியாததைத் தெரிந்த மாதிரி திறக்க மாட்டேன், இது உன் தங்கை மேல் சத்தியம். ஒவ்வொரு வருஷமும் முதல் சவாரிக்கு அவளோடு நானே ஏறுவேன். கரையில் நிற்கத்தான் ஆள் இல்லை. அந்த ஒரு வேலையை மட்டும் நீ பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி மாப்பிள்ளை,
அருள்தாஸ்