பதிலுக்குக் காத்திருக்கும் திரை

மார்ச் 3, செவ்வாய்
கம்ப்யூட்டர் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்; இன்றும் ஓடினேன். ஒரு நோயாளிக்கு அரிய வகை ரத்தம் வேண்டும். எங்கள் ரத்த வங்கியின் தேடல் திரையோ அசையவே இல்லை. போன் எடுக்கும் அக்கா கத்தினாள்: "உன் கம்ப்யூட்டர் ஆளைத் தேடுதா, தூங்குதா?" டாக்டர்களின் மொபைல் செயலியிலும் இதே கதிதான். மேலாளர் பொரிந்து தள்ளினார். (அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கடுகு'.) "இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா வெளியாளைக் கூப்பிட்டுக்குவேன்."

மார்ச் 5, வியாழன்
கண்டுபிடித்துவிட்டேன்! அக்காவின் திரையும் டாக்டர்களின் செயலியும் டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் கேள்வி ஒன்றேதான்: இந்த ரத்த வகை, இந்தப் பகுதி, யார் யார்? அதற்காக டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் அத்தனை கொடையாளர்களையும் முதலிலிருந்து புரட்டுகிறது, பாவம். புத்தகக் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, வகைக்கும் பகுதிக்கும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போட்டேன். விரலை எடுப்பதற்குள் பதில்! மறுபடி தட்டினேன். மறுபடியும்! வீட்டில் தம்பியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "சரி, சாப்பிடு" என்றான். ஞானசூனியம்.

மார்ச் 6
ஒன்றுக்கே இப்படியென்றால்? பெயர், வயது, எடை, முகவரி — கண்ணில் பட்ட விவரத்துக்கெல்லாம் இண்டெக்ஸ். என்னை யார் தடுப்பது!

மார்ச் 7, சனி
போச்சு. மானம் போச்சு. இன்று கல்லூரியில் புதுக் கொடையாளர்களைப் பதியும் முகாம். அங்கே பெயர் பதியும் செயலியும் இதே டேட்டாபேஸில்தான் எழுதுகிறது. ஒவ்வொரு புது ஆளையும் நான் போட்ட அத்தனை இண்டெக்ஸிலும் எழுத வேண்டும். பழைய மெஷின் திணறிவிட்டது, வரிசை வாசல்வரை. நர்ஸ் போனில் அழாத குறை: "நிறைய பேர் திரும்பிப் போயிட்டாங்க, தெரியுமா?" போனவர்களில் ஓர் அரிய வகைக்காரர் இருந்திருந்தால்? ஏண்டி, உனக்கு ஏன் இந்தப் பேராசை? முதலில் போட்ட ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் நீக்கினேன். அதன்பிறகு வரிசை நகர்ந்ததாம். கடுகு கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் போட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 9
வெளியாள் வருகிறாரா? கேட்கத் தைரியமில்லை.

மார்ச் 11, புதன்
மதியம் சாப்பிடும்போது அக்கா சாவகாசமாகச் சொன்னாள்: "காலைல பிரசவத்துல ஒரு பொண்ணுக்கு ரொம்ப ரத்தம் போயிடுச்சு. அரிய வகை. கேட்டவங்க போனை வைக்கிறதுக்குள்ள ஆள் கிடைச்சாச்சு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க."

"என்னை ஏன் கூப்பிடல?"

"எதுக்கு? அதான் திரை வேலை செஞ்சுதே. கடுகுகூட வெளியாள் பேச்சையே விட்டுட்டார்."

"ரத்தம் கொடுத்தது யாரு, அக்கா?"

"புது ஆள். சனிக்கிழமை முகாம்ல ரொம்ப நேரம் நின்னு பதிஞ்சாராம். இன்னும் அதையே சொல்லிப் புலம்புறார்."

எழுந்துபோய் அக்காவைக் கட்டிக்கொண்டேன். "கையெல்லாம் எச்சில்டி, விடு" என்று திட்டினாள்.