வாப்பா ஏறாத ஹெலிகொப்டர்

மகள் ஷஸ்னாவுக்கு ஸலாம்.

அன்று உக்குவளை மைதானத்தில் நான், உன் வாப்பா, பக்கத்து வீட்டு மஸூதா, கிராம சேவகர் சிவசாமி, ஹெலிகொப்டரில் வந்த இரண்டு பொடியன்கள், இவ்வளவு பேர்தான் இருந்தோம்.

மண் சரிந்து பாதை மூடி நான்காம் நாள். சீனி வருத்தத்தில் புண்ணாகிக் கிடந்த வாப்பாவின் கால் கறுத்துவிட்டது. அவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் ஹெலிகொப்டர் வந்தது. அதிலிருந்த சின்னத்தைக் கண்டதும் மனுஷன் நின்றுவிட்டார். உன் நானா, என் மகன், வேலை செய்த அதே விமானப்படை அணி. யுத்தத்தில் ஆமிக்காரர்களை இறக்கியது. நானாவை மூடிய பெட்டியில் கொண்டுவந்ததும் அதுதான். ஜனாஸாவைக் குளிப்பாட்டக்கூட வாப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

"இதுல நான் ஏற மாட்டேன்."

"துவக்கு, குண்டெல்லாம் கழட்டியாச்சு ஐயா. இப்ப நோயாளியும் அரிசியும்தான் ஏத்துறோம்" என்றான் ஒரு பொடியன், பாதி சிங்களத்தில்.

"அவனப் பெத்த நானே ஏறச் சொல்றேன், உங்களுக்கு என்ன வந்திச்சு?" என்று கத்தினேன். அவர் புல்லில் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் வேறு நோயாளியைத் தேடிப் போய்விட்டார்கள்.

பாதை திறந்து அவரைக் கண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது காலம் கடந்துவிட்டது. நேற்று காலை முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டார்கள். இனி கக்கூஸுக்கும் நான்தான் தூக்க வேண்டும்.

பேரப்பிள்ளைகளிடம் மழையால் வந்தது என்று சொல். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருஷமாக அந்த அணியை அவரைவிட நான்தான் அதிகம் சபித்தேன். அதையே மன்னித்துவிட்டேன். என்னால் மன்னிக்க முடியாதது ஒருவரைத்தான்: என் புருஷன் அப்துல் ஸமத்.

உன் உம்மா