கடலில் விழுந்தவனுக்கு நீ சொன்ன முடிவு

கடலில் விழுந்தவன் கிடைத்துவிட்டான் என்று நீ ஏன் சொன்னாய்? ஒருமுறை உன்னிடமே கேட்டேன். "போடி, படந்தான் முடிஞ்சு போச்சே" என்றாய். இப்போது நீயும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கப்பல் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். கீறல்களை எல்லாம் துடைத்து, கீழே தமிழில் வசனம் ஓடவிட்டிருந்தார்கள். கடைசிக் காட்சியில் கப்பல் திரும்புகிறது. ஆட்கள் ஓரமாக நின்று தண்ணீரையே பார்க்கிறார்கள். யாரும் பேசுவதில்லை என்பதால் கீழே எழுத்தும் இல்லை. அந்த இடத்தில் எனக்கு உன் குரல்தான் கேட்டது.

நாம் அடுத்தடுத்த லைன் வீடுகளில் குடியிருந்த காலம். நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்த ஓசூருக்கு வந்த தூத்துக்குடிக்காரி. நீ பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் தங்கை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை. "உங்க ஊர் தண்ணி உப்பு, அதான் நீ வாயத் தொறந்தாலே கரிக்குது" என்பாய். எதையும் உடனே நம்பாமல் நான் கேள்வி கேட்பதைத்தான் அப்படிச் சொல்வாய்.

உங்கள் கம்பெனி ஆட்களுக்கு தொழிலாளர் மன்றக் கூடத்தில் மாதம் ஒரு படம் போடுவார்கள். அந்த மாதம் நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த கடல் நாவலின் படத்தைக் கொடுத்தேன். பழைய ஆங்கிலப் படம். கூட்டத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் இருக்கும், ஆங்கிலம் இருக்காது. அதனால் நீ திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வது வழக்கம். முந்தின நாளே முழுக் கதையையும் என்னிடம் கேட்டுக்கொண்டாய். கப்பலில் ஆட்கள் முறை வைத்து இரவும் பகலும் வேலை பார்ப்பார்கள் என்றேன். "இதுல என்ன இருக்குது? ஏ ஷிப்ட், பி ஷிப்ட்" என்றாய். கப்பல் தலைவனுக்கு ‘இன்சார்ஜ்’ என்று பேர் வைத்தாய். குறித்த நாளில் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்பது ‘டார்கெட்’ ஆயிற்று.

கதை எளிமையானது. புயலில் ஒருவன் கடலில் விழுந்துவிடுகிறான். கப்பலைத் திருப்பினால் நாள் தவறும் என்று தலைவன் மறுக்கிறான். கடைசியில் துணைத்தலைவன் தன் பதவி போனாலும் போகட்டும் என்று சுக்கானைப் பிடித்துத் திருப்புகிறான். தேடுகிறார்கள். ஆள் கிடைப்பதில்லை. நாவலிலும் இல்லை, படத்திலும் இல்லை.

இன்சார்ஜ் என்று நீ சொன்னதுமே கூட்டம் சிரித்தது. உன் லைனின் இன்சார்ஜ் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "அக்கா, நம்ம சாருக்கும் ஒரு தொப்பி வாங்கிக் குடுத்துரலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். அவரும் சிரித்தார். ஆள் விழுந்து, கப்பல் நிற்காமல் போனபோது சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் மஞ்சுளா நினைவு வந்திருக்கும்.

மஞ்சுளா உன் பக்கத்து இருக்கைக்காரி, கன்னடம் பேசும் நாட்றாம்பாளையத்துப் பெண், காண்ட்ராக்ட் வேலை. பிரஸ் எந்திரத்தில் விரல் நசுங்கி, கட்டுப்போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். "ஆறினதும் வா" என்றார்கள். ஆறி வந்தபோது அவள் இடத்தில் வேறு ஆள் இருந்தாள். கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. உன் பயிற்சிக்காலம் முடியும் நேரம் அது. பர்மனென்ட் ஆக்குவதா வேண்டாமா என்று எழுதவேண்டியவர் அந்த முதல் வரிசைக்காரர்தான்.

கடைசிக் காட்சியில் திரையில் வெறும் கடல். நீ மைக்கில் "கெடச்சுட்டான்" என்றாய். பிறகு கன்னடத்தில், பிறகு தெலுங்கில். கூட்டம் கைதட்டியது. கடலில் ஒரு தலைகூடத் தெரியவில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, "அவன் சாகிறான் என்று சொல்லியிருந்தேனே" என்றேன். "சொன்னியே, நல்லா ஞாபகம் இருக்குது" என்றாய். அவ்வளவுதான். இன்சார்ஜ் மனம் கோணக்கூடாது என்று மாற்றினாயா, கூட்டத்துக்காகவா, இல்லை அதற்குள் வேறு ஏதாவது முடிவு செய்துவிட்டிருந்தாயா, தெரியவில்லை.

உன் அண்ணன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது உன்னோடு வேலை பார்த்தவர்கள் வந்திருந்தார்கள். "படம் பாத்த மறுநாளே எங்கக்கா செவப்பு பட்டனை அமுக்கி லைனையே நிறுத்திட்டாங்க. கம்பெனியே வெளிய வந்து நின்னுச்சு" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மறுக்கவில்லை, அது அதற்கான இடமில்லை. ஆனால் உனக்கு எழுதும்போது பொய் எழுத முடியாது. சினிமா யாரையும் மாற்றும் என்று நான் நம்புவதுமில்லை. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டியது ஒன்றுதான்: இன்றைக்கும் அந்த நாவலை நடத்தும்போது மாலுமிகளின் முறைவேலைக்கு ‘ஷிப்ட்’ என்றே சொல்கிறேன். பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

படத்துக்கு மறுநாள் நடந்தது இது. மாலையில் நீயே சொன்னாய்.

பெல் அடிப்பதற்கு முன்பே இன்சார்ஜ் மேசைக்குப் போய், மஞ்சுளாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாய்.

"நேத்து அந்தத் தொப்பிக்காரன் நான்தானா?" என்றார் அவர்.

"தொப்பி உங்களோடது இல்ல சார்."

"நீ இன்னும் பர்மனென்ட் ஆகல, தெரியுமில்ல?"

"தெரியும் சார். மஞ்சுளாவும் ஆகல."

பெல் அடித்தது, லைன் ஓடியது. யாரும் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. மதியச் சாப்பாட்டின்போது உன் லைன் பெண்கள் சிலர் ஒவ்வொருவராகப் போய் அவரவர் மொழியில் அதையே கேட்டார்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் அவர் உன் இருக்கைக்கு வந்தார். மஞ்சுளா வியாழக்கிழமை பேக்கிங்குக்கு வரலாம், உன் பயிற்சிக்காலம் இன்னும் ஆறு மாதம் நீள்கிறது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்.

"ஆறு மாசமா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாய். முகம் கழுவிக்கொண்டு என்னையும் டெலிபோன் பூத்துக்கு இழுத்துப் போனாய். மஞ்சுளா வீட்டில் போன் இல்லை. அவள் ஊர் டீக்கடைக்குத்தான் பேசவேண்டும். எடுத்தவருக்குக் காது மந்தம். வியாழக்கிழமை, பேக்கிங், முதல் பஸ் என்று கன்னடத்தில் கத்தினாய். அவர் அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லும்வரை நீ போனை வைக்கவில்லை.